வீட்டுக்காரரைக் கடிக்க வேண்டும்

செருப்பை அந்த ஜன்னல் மேல் வையுங்கள், தம்பி. கீழே விட்டால் இந்த நாய் தின்றுவிடும். செருப்பை மட்டும்தான், ஆளைக் கடிப்பதில்லை. உட்காருங்கள். பக்கத்தில் வந்து முகர்ந்தால் முகரட்டும்.

எங்கிருந்து வருகிறீர்கள்? சங்கரன்கோவிலா? அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தவரிடம் இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். இது கடிப்பதை விட்டுவிட்டது. மாசி மாதத்தோடு விட்டுவிட்டது. நீங்கள் காலை எவ்வளவு நீட்டி வைத்தாலும் நக்கும், மடியில் ஏறி உட்காரும், அவ்வளவுதான். தென்காசியிலிருந்து ஒரு குடும்பமே வேன் பிடித்து வந்தது. பாவம், ஒருவருக்கும் கடி கிடைக்காமல் திரும்பிப் போனார்கள்.

வந்ததுதான் வந்தீர்கள், நடந்ததைக் கேட்டுவிட்டுப் போங்கள். வெளியில் பலவிதமாகச் சொல்கிறார்கள். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. நான் டெலிபோன் ஆபீசில் இருந்தவள். டிரங்க் கால் காலத்து ஆள். போர்டில் ஒரு கயிற்றை எடுத்துச் செருகினால் மதுரை, இன்னொன்றைச் செருகினால் மெட்ராஸ். யார் யாரோடு பேச வேண்டுமோ என் கைதான் சேர்த்துவைக்கும். அவர்கள் பேச ஆரம்பித்ததும் நான் விலகிக்கொள்ள வேண்டும். அது விதி. இந்தப் பாளையங்கோட்டையில் சண்முகவடிவு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. டெலிபோன் அக்கா என்று கேட்டால் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள்.

இதற்கு அர்ஜென்ட் என்று பேர் வைத்ததும் அதனால்தான். அந்தக் காலத்தில் ஆர்டினரி கால் என்றால் காத்துக் கிடக்க வேண்டும். அர்ஜென்ட் என்றால் முன்னால் போகலாம். இது வந்த அன்றைக்குக் கத்திய கத்தல் அந்த ரகம். தெருவில் இது பிய்த்துக்கொண்டு ஓட, நான் "அர்ஜென்ட், அர்ஜென்ட்" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓட, ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்து, "ஏறுங்க அக்கா, எந்த ஆஸ்பத்திரி?" என்பார். தாய் சிப்பிப்பாறை ஜாதி வேட்டை நாய் என்று கொடுத்தவர் சொன்னார். தகப்பனைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் பூ மாதிரி இருக்கும். வெளியே போனால்தான் வினை. காலையில் மைதானத்துக்கு நடக்கக் கூட்டிப்போவேன். அங்கே தவசிமுத்து என்று ஒருவர், கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பின்பக்கமாகவே நடப்பார். முழங்காலுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முகம் நம்மைப் பார்த்தபடி இருக்கும், ஆள் மட்டும் விலகிப் போய்க்கொண்டே இருப்பார். ரயிலில் ஏறியவரை வழியனுப்புகிற மாதிரி இருக்கும் எனக்கு. அப்படிப் போய்க்கொண்டே கேட்பார்.

"என்ன டெலிபோன் அக்கா, தனியாவா இருக்கிய?"

தினமும் கேட்பார். நேற்றும் தனியாகத்தான் இருந்தேன். ஒரு ராத்திரியில் என்ன மாறிவிடப் போகிறது? ஆனாலும் கேட்பார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. கேட்கிறவர்கள் கேட்கட்டும். அன்றைக்கும் நான் கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, "ஆமா" என்று சொன்னேன். அவ்வளவுதான். இது ஒரே எகிறலில் அவர் கணுக்காலைக் கவ்விவிட்டது. அவர் பின்பக்கமாகவே ஓடினார். ஒரு மனிதர் அவ்வளவு வேகமாகப் பின்னால் ஓட முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். இதுவும் பல்லை எடுக்காமல் கூடவே போயிற்று.

குட்டிதானே, பெரிய கடி இல்லை. பால் பல், ஊசி மாதிரி. நானே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போடவைத்தேன். குட்டிக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று. இருந்தாலும் கடித்தால் ஊசி. அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சாயங்காலமே வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஆறுமுகநயினார். நயினார் என்றுதான் எல்லோரும் சொல்வது.

"இன்னொரு தடவ கடிச்சிச்சுன்னா வீட்டக் காலி பண்ணிருங்க. இல்ல, நாயக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுட்டு நீங்க மட்டும் இருங்க. நான் வேண்டாங்கல."

எங்கே விடுவது? பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்க அது என்ன குடையா? இந்த வயதில் நாயைக் கையில் பிடித்துக்கொண்டு வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் கதவு திறப்பார்களா? யோசித்துப் பாருங்கள்.

அதனால் பழக்க ஆரம்பித்தேன். என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா? பல் ஊறலுக்குக் குளிர்ந்த கேரட் கொடுத்தேன். பழைய துண்டை முடிச்சுப் போட்டு நனைத்துக் கடிக்கக் கொடுத்தேன். இடுப்பில் ஒரு பை கட்டி அதில் பொரிகடலை வைத்துக்கொண்டு, எதிரில் வருகிற ஆளைப் பார்த்து இது சும்மா இருந்தால் இரண்டு கடலை. வருகிறவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: கையை ஆட்டாதீர்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், மரம் மாதிரி நில்லுங்கள், நாங்கள் கடந்து போய்விடுகிறோம். காலை நேரத்தில் மைதானத்தைப் பார்த்தால் ஏதோ தோப்பு மாதிரி இருக்கும். அங்கங்கே ஆட்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

மாட்டாஸ்பத்திரியில் புதிதாக ஒரு டாக்டர் வந்திருந்தான். சின்ன வயசு. அவனிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். பல்லைப் பார்த்தான், காதைப் பார்த்தான், கடைசியில் என் கையைப் பார்த்தான்.

"கயித்த இவ்வளவு இறுக்கிப் பிடிக்கக் கூடாது ஆச்சி. நீங்க இறுக்குனா, எதிர்ல வார ஆளு ஆபத்துன்னு அதுக்கு அர்த்தம். உங்க கை சொல்லுததத்தான் அது செய்யுது."

எப்படி இருக்கிறது பாருங்கள். நான் ஆயுசு பூராவும் கயிறு பிடித்தவள். எனக்குக் கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறான். அது போகட்டும், ஆச்சியாம். தெருவே அக்கா என்கிறது, இவனுக்கு நான் ஆச்சி. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரிப்பா" என்று சொல்லிக் கயிற்றை வாங்கிக் கையில் சுற்றினேன். டாக்டரின் கட்டைவிரல் இதன் வாயில் இருந்தது.

ஆஸ்பத்திரிச் செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. நயினார் வாசலிலேயே நிற்கிறார், முகமெல்லாம் சிவந்து. "டெலிபோன் அக்கா, ஒங்களுக்கு வாயால சொன்னாப் பத்தாதுல்லா" என்று ஆரம்பிக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தவசிமுத்து ஒரு சீப்பு நாட்டுப்பழத்தோடு தெருவில் வந்தார். முன்பக்கமாக நடந்து வந்தார். அதிலேயே ஏதோ விசேஷம் என்று தெரிந்தது. வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, நயினாரைப் பார்க்கவில்லை. நேராக நாய் முன்னால் பழத்தை வைத்துத் தரையில் விழுந்து கும்பிட்டார்.

தம்பியோடு சுவர்த் தகராறு, ரொம்ப வருஷக் கேஸ். கடி பட்ட அன்றைக்கு வாய்தா. அவர் ஊசி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கோர்ட்டில் அவர் பக்கம் தீர்ப்பாகியிருக்கிறது. தீர்ப்பு நகல் இப்போதுதான் கைக்கு வந்ததாம்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் மைதான மூலையில் பூக்கட்டும் இசக்கியம்மாள் சிரிக்கவில்லை. "வைரவர் பல்லு பட்டிருக்குல்லாக்கா, சும்மாவா?" என்றாள். அவளை இது தொட்டதே கிடையாது. அவள் பூக்கூடைக்குள் ஏறிச் சுருண்டு தூங்கும். அவளும் என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டாள், கையில் நாரையும் பூவையும் கொடுத்து, "நீங்களும் ரெண்டு கண்ணி கட்டுங்க" என்பாள்.

பழம் கறுப்பதற்குள் இன்னொரு செய்தி. கட்டைவிரல் கடிபட்ட டாக்டருக்குப் பெண் நிச்சயமாகிவிட்டது. அடுத்து ஸ்டெல்லா டீச்சர். நல்ல மாதிரி. மைதானத்தில் என்னை நிறுத்தி, "உங்கள மாதிரி இருந்தா நிம்மதிக்கா. பொங்க வேண்டாம், வடிக்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். இது அவள் கெண்டைக்காலைப் பிடித்தது. அந்த வாரமே அவள் கேட்டுக்கொண்டிருந்த ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது.

அதற்கப்புறம் என் வாசலைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! விடிந்தால் ஆள். கடன்காரன் வந்து நிற்பதுபோல் நிற்பார்கள், காலை மட்டும் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொண்டு. சும்மா வர மாட்டார்கள். ஒருத்தி இட்லி மாவு கொண்டுவருவாள், ஒருத்தர் முருங்கைக்காய். திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றி, வராத மழையைப் பற்றி, மாமியாரின் காதுவலியைப் பற்றியெல்லாம் என்னிடம் பேசுவார்கள். இடையில் விலகிக்கொள்ளாமல் நான் கேட்டேன். மைதானத்தில் யாரும் அப்போது மரம் மாதிரி நிற்பதில்லை. கையை ஆட்டிக்கொண்டு, இதன் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு, "வைரவரே, இந்தா, இந்தா" என்று எதிரே வருவார்கள். நான் முருங்கைக்காயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பேசிக்கொண்டே, கயிற்றை விரலில் தொங்கவிட்டபடி நடப்பேன்.

அந்த நேரம் பார்த்து இது கடிப்பதை நிறுத்திவிட்டது.

பால் பல் விழுந்தால் குணம் மாறும், அதுதான் காரணம். என் பழக்கமும் ஒரு காரணம், அந்தக் கேரட்டும் துண்டும். எவ்வளவு பாடுபட்டேன்! பலன் கிடைத்த நேரத்தில் அது ஒருவருக்கும் வேண்டாததாகிவிட்டது.

எல்லோரையும்விட நயினாருக்குத்தான் தாங்கவில்லை. அவர் மகள் பாக்கியத்துக்கு ஜாதகத்தில் செவ்வாய். வருகிற வரன் எல்லாம் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனது போனதுதான். டாக்டருக்கு நிச்சயமான கதையைக் கேட்டதிலிருந்து மனுஷர் உறங்கவில்லை. ஒருநாள் இறங்கி வந்தார்.

"தெருவுல போற வாரவனையெல்லாம் கடிச்சிருக்கு. மேல இருக்க வீட்டுக்காரனைக் கடிக்க மாட்டக்கு. நீங்க வேணும்னே பண்ணுதிய."

"நான் என்ன பண்ணட்டும் நயினார்? நீங்கதானே கடிக்கக் கூடாதுன்னு சொன்னிய?"

"அது அப்ப. இப்பச் சொல்லுதேன் கேட்டுக்கிடுங்க. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போயி பாக்கியம் ஜாதகத்த வச்சுக் கும்பிடணும். அதுக்குள்ள இது என்னையக் கடிக்கணும். கடிக்கலன்னா வீட்டக் காலி பண்ணிருங்க."

கடித்தால் காலி பண்ணு என்றவர், கடிக்காவிட்டால் காலி பண்ணு என்கிறார். வீடு அவருடையது. என்ன செய்வது? நல்லது, காலையில் எங்களோடு நடக்க வாருங்கள், வெளியாள் மாதிரி எதிரில் வாருங்கள், பழக்கிப் பார்ப்போம் என்றேன். கடிக்காமல் இருக்கப் பழக்கியவளுக்குக் கடிக்கப் பழக்கத் தெரியாதா?

தெரியவில்லை, தம்பி.

முதல் நாள் அவர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, தோளில் பை மாட்டி, தபால்காரர் மாதிரி எதிரில் வந்தார். இது வாலை ஆட்டியது. அடுத்து ஒரு சாக்கைச் சுமந்துகொண்டு, நொண்டிக்கொண்டு வந்தார். தெருவில் நாலு பேர் இரக்கப்பட்டுக் காசு கொடுத்தார்கள், இது கையை நக்கியது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு குடையை விரித்து விரித்து மூடினார். இது குடை நிழலில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஒருநாள் அவர் பக்கத்தில் வந்ததும் எனக்கே மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. அவர்கள் வீட்டில் பூண்டுகூட ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அப்பேர்ப்பட்ட சைவ வீட்டு மனிதர், சந்தையில் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு போய்க் கருவாடு வாங்கி, வேட்டிக்குள் முழங்காலுக்குக் கீழே வைத்துக் கட்டியிருக்கிறார்.

"பேச்சியம்மாளுக்குத் தெரியுமா?" என்று அவர் சம்சாரத்தைச் சொல்லிக் கேட்டேன்.

"அவதான் கட்டிவிட்டா. கண்ண மூடிக்கிட்டு" என்றார்.

அர்ஜென்ட் அந்தக் காலை அவ்வளவு பக்தியோடு நக்கியது. நயினார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். "நக்குதே! என்னைய நக்குதே! நான் என்ன பாவம் பண்ணுனேன்!" திரும்பி வரும்போது தெருப் பூனைகள் எல்லாம் அவருக்குப் பின்னால் வரிசையாக வந்தன. கல்யாண ஊர்வலம் மாதிரி வீடுவரைக்கும் வந்தன. மகளுக்கு இன்னும் ஆகவில்லை.

இப்படியே நடந்துகொண்டிருந்தோம். நடக்கும்போது பேசாமல் இருக்க முடியுமா? பாக்கியம் சின்ன வயதில் நன்றாகப் பாடுவாளாம், பெண் பார்க்க வந்த ஒருத்தர் குரல் கட்டை என்று சொன்னதிலிருந்து பாடுவதில்லையாம். என் முழங்கால் பிடித்துக்கொண்டால் அவர் நின்று, செருப்பில் கல் ஏறிவிட்டதாகப் பாவனை பண்ணுவார். ஒருநாள், "அந்தக் காலத்துல ஊரு பேசுனதெல்லாம் ஒங்க காதுலதான் விழுந்திருக்கும், என்ன?" என்று கேட்டார். யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சொன்னேன். சாவுச் செய்தி சொல்ல வந்தவர் சொல்ல வாய் வராமல் அழ, அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ, சவுக்கியமா?" என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்ததைச் சொன்னேன். நயினார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கயிறு அப்போது யார் கையில் இருந்தது என்றுகூட ஞாபகமில்லை. பல நாள் அவரே பிடித்துக்கொண்டு வருவார். அவ்வளவு பக்கத்தில் நடந்தும் இந்தக் கழுதை அவரைக் கடிக்கவில்லை. நான் எவ்வளவோ வேண்டிக்கொண்டேன்.

உத்திரத்துக்கு முந்தின நாள் காலை. நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இது இசக்கியம்மாள் கூடையில் தூங்கப் போயிருந்தது. நயினார் வந்தார். உட்காரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"கோவிச்சுக்கிடாதிய. வீட்டுல பேச்சியம்மா இருக்க விடமாட்டக்கா. கடிக்காத நாய வச்சுக்கிட்டு, குடுத்த வாக்கையும் மீறி... வேற எடம் பாத்துக்கிடுங்க."

"எங்க போவேன் நயினார்?"

அதற்கு அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார்.

"ஒங்களுக்கு என்ன, தனி ஆளுதான? எங்க இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான?"

எனக்குக் கோபம் இல்லை. நான் கோபப்படுகிற ஆளே இல்லை. என் வலது கை மட்டும் காற்றில் எதையோ சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்தேன், கையில் கயிறு இல்லை. நாய் இல்லை. அவர் கை என் தோளில் இருந்தது.

கடித்துவிட்டேன்.

முழங்கைக்குக் கீழே, நல்ல சதைப்பிடிப்பான இடம். எனக்கு இந்த வயதிலும் எல்லாம் சொந்தப் பல், தம்பி. "யம்மா!" என்று ஒரு சத்தம் போட்டார். அப்புறம் இரண்டு பேரும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அழகான வட்டம்.

கடித்தால் ஊசி, நான்தான் ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், "என்ன கடிச்சது?" அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கர்ப்பிணிப் பெண்கள் படத்தைப் பார்த்தேன். "நாய்தான்" என்றார். "இது நாய்க்கடி மாதிரி இல்லையே?" என்றாள். "வயசான நாய்மா" என்றார். எனக்கு அதுதான் கொஞ்சம் வருத்தம். மறுபடி மறுபடி கூப்பிட்டு நாய்க்கடிக்கு உள்ள அத்தனை ஊசியையும் போட்டார்கள். மனுஷர் மூச்சு விடாமல் போட்டுக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், சாஸ்தா கோயிலிலிருந்து திரும்பி வருவதற்குள் கோவில்பட்டியிலிருந்து தகவல் வந்துவிட்டது. ஏற்கெனவே பார்த்துவிட்டுப் போன பையன்தான். செவ்வாயாவது புதனாவது, எனக்கு அந்தப் பெண்தான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருந்திருக்கிறான். பேச்சியம்மாள் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டுவந்து அர்ஜென்ட் முன்னால் வைத்தாள். நயினார் பின்னால் நின்று, "நீங்க இருக்குத வரைக்கும் இது ஒங்க வீடுக்கா" என்றார். முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்.

வீடு நிலைத்தது. ஆனால் பாருங்கள், அவருக்குக் கல்யாண வேலை, காலையில் நடக்க வருவதில்லை. நயினாருக்கு அப்புறம் இது ஒருவரையும் கடிக்கவில்லை என்று தெரிந்ததும் தெருவும் வருவதில்லை. முருங்கைக்காயை இப்போது காசு கொடுத்துத்தான் வாங்குகிறேன். மைதானத்தில் நானும் இதுவும்தான். இந்த மாதத்தில் வாசல் தாண்டி வந்து உட்கார்ந்தவர் நீங்கள் ஒருத்தர். அதனால்தான் இவ்வளவும் சொன்னேன். கடி பட்டது யாரால் என்று எனக்கும் நயினாருக்கும்தான் தெரியும். மூன்றாவதாக உங்களுக்குத் தெரியும். வெளியில் சொல்ல வேண்டாம். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம்.

என்ன, எழுந்திருக்கவில்லை?

பேச்சியம்மாளின் தம்பியா நீங்கள்? முதலிலேயே சொல்லக் கூடாதா? நயினார் அனுப்பினாரா? என்ன சொல்லி அனுப்பினார்? எல்லாவற்றையும் சொல்லிவிட்டாரா?

சட்டைக் கையை ஏன் மடிக்கிறீர்கள்?

கீழே இறக்குங்கள், தம்பி. நான் பென்ஷன் வாங்குகிறவள். நாலு பேர் பார்த்தால் என்ன சொல்வார்கள்? அப்படி என்ன காரியம் உங்களுக்கு? ...வீட்டில் கோபித்துக்கொண்டு போய்விட்டார்களா? எப்போது? தைப்பொங்கலுக்குப் போனவர்களா? கூப்பிட்டுப் பார்த்தீர்களா? போனை எடுக்கவே இல்லையா? அடக் கடவுளே. அப்படியானால் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? ஹோட்டல் சாப்பாடு எத்தனை நாளைக்கு ஒத்துக்கொள்ளும்?

கண்ணைத் துடையுங்கள். அது பார்க்கிறது பாருங்கள்.

சும்மா நீட்டினால் எனக்கு வராது, தம்பி. அதற்கு ஒரு நேரம் வரவேண்டும். இருங்கள், காபி போடுகிறேன். அந்த நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பேசிக்கொண்டிருப்போம். பேசிக்கொண்டே இருந்தால் நீங்களும் ஏதாவது ஒன்று சொல்லிவிடுவீர்கள். எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்.